பிழை சிறியதா? தராசே கோணலா?



"கேஸில் ஓட்டை இருக்கிறது, ஹைகோர்ட்டில் உடைத்துவிடலாம்!" வழக்கில் சிக்கியவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதை நம்பிக் கீழ்க்கோர்ட்டு விசாரணையைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? விசாரணையில் ஒரு பிழையோ விடுபாடோ நேர்ந்தது என்பதற்காக மட்டும் தண்டனை ரத்தாகாது. அதனால் நீதி தவறியது என்று மேல்கோர்ட் கருத வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465-வது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 511-வது பிரிவு. அந்த ஆட்சேபணையை முன்பே எழுப்பியிருக்க முடியாதா என்றும் மேல்கோர்ட் கேட்கும்!

இது அநியாயமா? இல்லை. பில்லில் தேதி மாறினால் வியாபாரமே செல்லாது என்போமா? எழுத்துப் பிழையால் குற்றவாளி தப்பினால், பாதிக்கப்பட்டவனுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் தராசே கோணலாக இருந்தால்...?

1997 டிசம்பரில் டெல்லியில் பஸ்ஸில் குண்டு வெடித்து 4 பேர் இறந்தனர். கைதான பாகிஸ்தானியருக்குத் தூக்குத் தண்டனை. ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. 2012-இல் சுப்ரீம் கோர்ட் பார்த்தது: பெரும்பாலான சாட்சிகளை விசாரித்தபோது அவருக்கு வக்கீலே இல்லை! இது சில்லறைப் பிழையல்ல என்று தண்டனையை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2013-இல் அவர் விடுதலையானார். 15 ஆண்டுகள்! இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் பதில் இல்லை. தராசு கோணினால் நஷ்டம் இருபக்கமும்தான்.

1993 சூரத் குண்டுவெடிப்பு வழக்கிலும் அப்படியே. தடா சட்டப்படி மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டின் முன்அனுமதி கட்டாயம், அது பெறப்படவில்லை. பின்னால் சரிக்கட்டக்கூடிய குறையல்ல இது என்று, 2014-இல் சுப்ரீம் கோர்ட் 11 பேரை விடுவித்தது.

இளைஞர்களே! மேல்கோர்ட் பெரும்பாலும் ஏட்டில் இருப்பதைத்தான் பார்க்கும். எனவே முதல் வாய்தாவிலேயே வக்கீல் வையுங்கள். வசதியில்லையா? இலவசச் சட்ட உதவி கேளுங்கள். அது உரிமை, பிச்சையல்ல! குறுக்கு விசாரணையை விட்டுவிடாதீர்கள். தவறு கண்ட அன்றே ஆட்சேபித்து, பதிவில் ஏற்றுங்கள்.

வியாபாரப் பெருமக்களே! ஜாமீனுக்கு அள்ளிக் கொடுக்கும் நீங்கள், விசாரணை முடியும்வரை வக்கீல் செலவுக்கும் தோள் கொடுங்கள்.

இன்று வாய்மூடி விட்டுவிட்ட பிழை, நாளை மேல்கோர்ட்டில் 'பாதகமில்லாத பிழை' ஆகிவிடலாம். சிந்தியுங்கள்!