எத்தனை வாட்?

என் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. ஹோம் தியேட்டர் ரிசீவர் என்று அதற்குப் பெயர். படத்தோடு வரும் ஒலியைப் பிரித்து, ஐந்து ஸ்பீக்கர்களுக்கும், மூலையில் உட்கார்ந்து உறுமும் சப்வூஃபர் என்ற பெரிய பெட்டிக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் உத்தியோகம். நெல்லிக்குப்பத்தில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் காபி வருவதற்குள் அதைப் பார்த்துவிடுகிறார்கள். பார்த்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை வாட்?"

இந்தக் கேள்வியின் மேல்தான் என் வழக்கு. வீணையைப் பார்த்து எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை. பாடுகிறவரைப் பார்த்து உமது நுரையீரல் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று விசாரிப்பதில்லை. இந்தப் பெட்டியைக் கண்டால் மட்டும் படித்தவர்களுக்கும் புத்தி எடை போடும் தராசாக மாறிவிடுகிறது. மூன்று வருஷமாக இதனோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இது உபயோகமற்ற கேள்வி. பிறருக்குத் தீங்கு செய்யும் கேள்வியும்கூட.

கடலூரில் ஒரு கடையில் இதை வாங்கினேன். கடைப் பையன் கெட்டிக்காரன். ஒரு ஹெலிகாப்டரை என் தலையைச் சுற்றிப் பறக்கவிட்டான். பிறகு மழை பெய்வித்தான். கடைசியில் ஒரு பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தான். என் வேஷ்டி நடுங்கியது. நான் பணத்தை எடுத்து வைத்தேன். அந்த அரை மணி நேரத்தில், ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் பேசுகிற காட்சி ஒன்றை மட்டும் அவன் போட்டுக் காட்டவில்லை. போடு என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

முதலில் வாட் கணக்கைத் தீர்த்துவிடுவோம். மலிவான பெட்டிகளின் மேல் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட இலக்கணமே கிடையாது. இமைப்பொழுதில் எழும் உச்சத்தை யார் எப்படி வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். விலை உயர்ந்த ரிசீவர்களிலோ பொய் நாகரிகமாக உடுத்திக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு சானலை ஓடவிட்டு, ஒரே ஒரு சுருதியைக் கொடுத்து, ஒலி பத்து சதவிகிதம் சிதையும் வரையில் அதை முடுக்கி, அப்போது கிடைத்த எண்ணை அட்டையில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஐந்து சானல்களும் ஒன்றாக உழைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும் என்பதை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் புளுகுக்குக் கடிவாளம் போட அமெரிக்காவில் 1974-லேயே விதி செய்தார்கள் என்றால், இது எத்தனை பழைய வியாதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் உண்மையாகவே இருந்தாலும்தான் என்ன? வாட்டை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபல் உயரும், அவ்வளவுதான். காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் சக்தியைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும். சாதாரணமான ஒரு ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் எண்பத்தெட்டு டெசிபல் போல் ஒலிக்கும். நாம் பேசிக்கொள்வது அறுபது டெசிபல் சுமார். ஆக, நம் கூடத்துக்கு நாளெல்லாம் ஒரு வாட் போதும். வெடிச் சத்தம் வருகிற கணத்துக்குக் கொஞ்சம் இருப்பு வேண்டும். ஐம்பது வாட் வைத்திருக்கும் தம்பியைப் பார்த்து நூறு வாட் அண்ணன் மீசையை முறுக்குவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். சண்டைக் காட்சியில் கூரை அதிரும். தாய் மகனிடம் தழுதழுத்துப் பேசும் இடத்தில் ஒரு வார்த்தையும் புரியாது. நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். "படம் பார்க்கிறீங்களா, கிணத்துல தண்ணி இறைக்கிறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

குற்றம் பெட்டியின் மேல் இல்லை. ஐந்து ஸ்பீக்கர் ஏற்பாட்டில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அதை நான் டி.வி. மேஜையின் அடித்தட்டில், பழைய பத்திரிகைக் கட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். தரை மொசைக், சுவர் வழவழப்பான பூச்சு, ஜன்னலுக்குத் திரை கிடையாது. ஒவ்வொரு சொல்லும் நாலு சுவரிலும் மோதி, அடுத்த சொல்லின் மேல் வந்து விழுந்தது. நடு ஸ்பீக்கரை எடுத்துக் காது உயரத்துக்கு நிமிர்த்தினேன். தரையில் கனத்த ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். பேச்சு புரிந்தது. இந்த மொத்தச் சீர்திருத்தத்துக்கும் ஆன செலவு, அடுத்த ரக ரிசீவருக்கு நான் அதிகம் கொடுத்திருக்கக் கூடிய தொகையில் ஒரு சிறு பங்கு. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. ஜமக்காளம் அவர்கள் விற்கிற சரக்கு அல்லவே!

அடுத்தது, பழைய பாட்டுகளுக்கு நாம் செய்யும் அநியாயம். எங்கள் ஜில்லாக்காரர் சிதம்பரம் ஜெயராமன் 1952-இல் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசனுக்காகப் பாடினார். அந்தக் காலத்துப் பதிவு முழுவதும் ஒற்றைச் சானல். பாடகர், பக்கவாத்தியம் எல்லாம் ஒரே மடையில் ஓடிவந்த தண்ணீர். என் ரிசீவரிலோ அரங்கம், விளையாட்டு மைதானம், மாதா கோயில் என்று வகை வகையாக எதிரொலி சேர்க்கும் வசதி இருக்கிறது. ஒரு நண்பர் வந்து ஒன்றை அழுத்தினார். ஜெயராமன் பாவம், ஐரோப்பாவில் ஏதோ ஒரு மாதா கோயிலின் நடுவில் தனியாக நின்று பாடினார். "இப்ப எப்படி இருக்கு பாருங்க, ஆளைச் சுத்திக் கேக்குது!" என்றார் நண்பர். ஆள் நடுவில் நின்று பாடியதை நாலு பக்கமும் கிழித்துப் போட்டால், ஆளைச் சுற்றித்தான் கேட்கும். அவர் போனபிறகு எதிரொலியையெல்லாம் நிறுத்தி, முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் கேட்டேன். அந்தக் குரலின் கார்வை திரும்ப வந்தது.

இத்தனையும் என் வீட்டுக்குள் நடந்த கதை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலை 1842-இல் தொடங்கியது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையில் வரிசை கட்டி நிற்கும். ஆலைக்கு இரவு பகல் கிடையாது. முறை வைத்து வேலை செய்வார்கள். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுக்காரர் இராத்திரி முறை முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர். என்னிடம் அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய சின்னப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, இன்னிக்குப் படம் போடுவீங்களா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "போடுவேன், வா. முன்னாடியே உக்காந்து பாரு" என்றேன்.

"இல்ல மாமா. படம் போட்டா அப்பா ஆயா வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கிறேன்னாரு. கேட்டுட்டு வரச் சொன்னாரு."

இப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் வேறு வீட்டில் போய்ப் படுத்தாரோ, எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை.

அன்று ஒலி நூல் ஒன்றை எடுத்துப் படித்துக் கணக்குப் போட்டேன். என் கூடம் பதினாலு அடி நீளம். நாற்பது ஹெர்ட்ஸ் என்கிற அடித்தொண்டை உறுமலின் அலை நீளம் ஏறக்குறைய இருபத்தெட்டு அடி. சரியாகக் கூடத்தின் இரண்டு மடங்கு. இப்படி அமைந்த அறையில் அந்த ஒலியின் அழுத்தம் இரண்டு கோடிச் சுவர்களிலும் உச்சமாகவும், நட்டநடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். என் நாற்காலி நட்டநடுவில். பொதுச்சுவர் ஒரு கோடியில். எனக்குக் கேட்கவில்லை என்று நான் ஏற்றிக்கொண்டே போனேன். ஏற்றியதெல்லாம் அவர் தலைமாட்டுச் சுவரில் போய் விழுந்தது. தாழ்ந்த ஒலியை ஒற்றைச் செங்கல் சுவர் தடுத்துவிடாது. அளவு பார்த்துச் சரி செய்துகொள்ள ரிசீவரோடு ஒரு மைக்கும் கொடுக்கிறார்கள். அதை நம் நாற்காலியில் வைக்கச் சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாயில் வைக்கச் சொல்லி எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. காலை ஆறு முதல் இரவு பத்து வரை பகல். ஆலையில் இராத்திரி கண் விழித்தவனுக்கு மத்தியானம்தான் நடுநிசி என்பது விதிக்குத் தெரியாது. தவிரவும் அந்த அளவுகோல் மனிதக் காதை அனுசரித்துச் செய்தது. மிகத் தாழ்ந்த உறுமலைக் குறைத்தே மதிக்கும். ஆகவே இது சட்டத்துக்கு முன்பே நாம் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம். பெட்டியைத்தான் நான் விலை கொடுத்து வாங்கினேன். சுவரைத் தாண்டிப் போகிற ஒலிக்கு நான் எங்கே விலை கொடுத்தேன்?

"அப்படியானால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு டிரான்ஸிஸ்டர் வைத்துக்கொள்ளும்!" என்று ஒரு கட்சி சொல்லும். அதற்கும் நான் உடன்படமாட்டேன். 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்த நாள் முதல், நம் ஒலிக் கலைஞர்கள் அருமையான காரியங்கள் செய்திருக்கிறார்கள். அவற்றைக் கேட்காமல் இருப்பது நஷ்டம். ஆனால் எதைக் கேட்பது? சிதம்பரம் கோயிலில் சபைக்கு எதிரே நின்று பாருங்கள். மணி முன்னால்தான் அடிக்கிறது. அதே ஓசை கல் தூண்களிலும் கூரையிலும் பட்டு, ஒரு கணம் தாமதித்து, மெலிந்து, முதுகுப் பக்கமாக வருகிறது. நாம் நிற்பது எத்தனை பெரிய இடம் என்று காதுக்குச் சொல்வது அந்த மெலிந்த ஓசைதான். பின்பக்கத்து ஸ்பீக்கர்களின் முக்கியமான தொழிலும் அதுவே. ஹெலிகாப்டர் எப்போதாவது வருகிற விருந்தாளி.

ஆகவே ரிசீவர் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெடிச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சியைப் போடச் சொல்லி, ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, குரல் குரலாக இருக்கிறதா என்று கேளுங்கள். இராத்திரி உபயோகத்துக்காக உரத்த ஒலியைத் தணித்து மெல்லிய ஒலியைத் தூக்கித் தரும் ஏற்பாடு இருக்கிறதா, எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று கேளுங்கள். என் பெட்டியில் அது இருந்தது. ஆறு திரை தள்ளி, ஏழாவதில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

நாற்காலியை நடுவிலிருந்து பின்னால் நகர்த்திவிட்டேன். சப்வூஃபரைப் பொதுச்சுவரை விட்டு விலக்கி, ஒலியைப் பாதியிலும் பாதியாக்கிவிட்டேன். அரவைப் பருவத்தில் பகலில் அதற்கு மின்சாரமே கிடையாது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் போய், அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் வீட்டுப் படத்தை என் காதாலேயே கேட்டுப் பார்த்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எத்தனை வாட் என்று இன்னமும் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.