தேர்வெழுதாதவர்களின் தேர்ச்சி: நியூசிலாந்திடம் இழந்த தொடரும் அதன் பின்னும்

2024 அக்டோபர் 17 அன்று பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் இந்திய அணி 46 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சொந்த மண்ணில் இந்தியா எடுத்த மிகக் குறைந்த டெஸ்ட் எண்ணிக்கை அதுவே. கோலி, சர்பராஸ் கான், ராகுல், ஜடேஜா, அஸ்வின் ஆகிய ஐவர் ஓட்டமெதுவும் எடுக்கவில்லை. மேட் ஹென்றி 15 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளையும், வில் ஓ'ரூர்க் 22 ஓட்டங்கள் கொடுத்து நான்கு விக்கெட்டுகளையும் வீழ்த்தினர். பதினேழு நாள்கள் கழித்து மும்பையில் தொடர் 0-3 என முடிந்தது. மூன்றோ அதற்கு மேலோ போட்டிகள் கொண்ட உள்நாட்டுத் தொடர் ஒன்றில் அனைத்துப் போட்டிகளையும் இந்தியா இழந்தது வரலாற்றில் அதுவே முதன்முறை.

சின்னசாமி மைதானத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இருட்டிய பின் வீடு திரும்புவது கோலார் தங்கவயல் தமிழர்கள் பலரின் அன்றாடம். கிரிக்கெட் அந்தப் பயணத்தின் நிரந்தரப் பேசுபொருள். அங்கே ஒலிக்கும் விளக்கங்களுக்கும் வருணனையாளர்களின் விளக்கங்களுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது: மழை பெய்தது, வானம் மூடியிருந்தது, டாஸ் வென்று எடுத்த முடிவு தவறு, மூத்தவர்கள் இருவருக்கும் வயதாகிவிட்டது, பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறை இப்படி நடக்கத்தான் செய்யும். இவற்றுள் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் விளக்கம் ஆகாது.

மழையையே எடுத்துக்கொள்வோர் உண்டு. முதல் நாள் முழுவதும் ஆட்டமில்லை. ஆடுகளம் மூடிக் கிடந்தது. ஈரம் தங்கிய களத்தில், மேகம் கவிந்த காலையில், டாஸ் வென்ற ரோகித் சர்மா முதலில் மட்டை பிடிக்கத் தீர்மானித்தார். அணியில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள், இரண்டே வேகப்பந்து வீச்சாளர்கள். களத்தைத் தவறாகக் கணித்தது தம் பிழை என்று ரோகித் பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் ஒரு தலைவரின் கணிப்புப் பிழை அணியை 180-க்கோ 200-க்கோ இறக்கலாம். 46-க்கு இறக்க, பந்து அசையும்போது தடுத்தாடும் பழக்கம் ஒரே சமயத்தில் பலரிடம் இற்றுப்போயிருக்க வேண்டும். இரண்டாம் இன்னிங்ஸின் 462 ஓட்டங்களைக் காட்டி அணி மீண்டெழுந்ததாக எழுதியவர்கள், சர்பராஸின் 150-ஐயும் பந்த்தின் 99-ஐயும் பேசினார்கள். மூன்று விக்கெட் இழப்புக்கு 408 என்ற நிலையிலிருந்து, புதிய பந்து வந்ததும், கடைசி ஏழு விக்கெட்டுகள் 54 ஓட்டங்களில் போனதைப் பேசவில்லை. நியூசிலாந்துக்கு 107 ஓட்டங்களே தேவைப்பட்டன. 1988-க்குப் பிறகு இந்திய மண்ணில் அவர்களுக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பெங்களூரில் வேகப்பந்து வீழ்த்தியது என்றதும் புனேயில் வறண்ட, தாழ்வாக எழும்பும் சுழல் களம் தரப்பட்டது. தமிழ்நாட்டுக்காக டெல்லிக்கு எதிரான ரஞ்சிப் போட்டியில் 152 ஓட்டங்கள் எடுத்திருந்த வாஷிங்டன் சுந்தர் அவசரமாக அழைக்கப்பட்டார். அவர் 59 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளும் அஸ்வின் மூன்று விக்கெட்டுகளும் எடுக்க, நியூசிலாந்தின் பத்து விக்கெட்டுகளும் இரண்டு தமிழ்நாட்டு வீரர்களுக்கே சென்றன. திட்டம் பலித்துவிட்டதாகத் தோன்றிய நேரம் அது. அடுத்து மிட்செல் சான்ட்னர் பந்தைக் கையிலெடுத்தார். அதற்குமுன் டெஸ்ட் இன்னிங்ஸ் எதிலும் ஐந்து விக்கெட்டுகளை எட்டியிராத அவர் இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் ஏழு, இரண்டாவதில் ஆறு என்று பதின்மூன்று பேரை வீழ்த்தினார். கோலி முழுநீளமாக விழாமல் வந்த ஒரு பந்துக்குக் குறுக்கே மட்டையை வீசி ஸ்டம்பை இழந்தார். 113 ஓட்டத் தோல்வி; 2013 முதல் தொடர்ச்சியாக வென்ற பதினெட்டு உள்நாட்டுத் தொடர்களின் வரிசை அங்கே அறுந்தது.

மும்பையில் தேவைப்பட்டது 147 ஓட்டங்கள். ஐந்து விக்கெட்டுகள் 29 ஓட்டங்களில் போயின. ரிஷப் பந்த் தனியாளாக 64 எடுத்தார். அடுத்த உயர்ந்த எண்ணிக்கை 12. அணி 121-இல் முடிந்தது. அஜாஸ் படேல் அந்தப் போட்டியில் பதினொரு விக்கெட்டுகள் எடுத்தார். இதே வான்கடேயில் 2021-இல் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் எடுத்தவர் அவர். அதாவது எச்சரிக்கை மூன்றாண்டுகளுக்கு முன்பே, அதே ஊரில், அதே கையால் எழுதித் தரப்பட்டிருந்தது.

சுழல் களத்தை ஆதரிப்போரின் தர்க்கம் எளிமையானது: எங்களிடம் சிறந்த சுழற்பந்து வீச்சாளர்கள் இருக்கிறார்கள், ஆகவே பந்து எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு எங்களுக்கு நன்மை. இந்தத் தர்க்கம் தலைகீழானது என்பதற்குச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. 2012-இல் தோனி திரும்பும் களங்களை வெளிப்படையாகக் கேட்டார். மும்பையில் பனேசரும் ஸ்வானும் பத்தொன்பது விக்கெட்டுகளைப் பகிர்ந்துகொண்டனர். 2017-இல் புனேயில் ஸ்டீவ் ஓ'கீஃப் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள் எடுக்க, இந்தியா 105, 107 என்று முடிந்தது. 2023-இல் இந்தூரில் மேத்யூ குனேமன் 16 ஓட்டங்களுக்கு ஐந்து, நேதன் லயன் 64-க்கு எட்டு. 2024 ஜனவரியில் ஐதராபாத்தில் அறிமுகப் போட்டி ஆடிய டாம் ஹார்ட்லி 62-க்கு ஏழு. இவர்களுள் லயனையும் ஸ்வானையும் விட்டால், மற்றவர்களை உலகின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர்கள் என்று அவர்கள் நாட்டவரே சொல்லமாட்டார்கள். நல்ல களத்தில் அஸ்வினுக்கும் ஹார்ட்லிக்கும் இடையே பெரும் தொலைவு இருக்கிறது. பந்து தானாகவே திரும்பும் களம் அந்தத் தொலைவை அழித்துவிடுகிறது. திறமையில் மேலோங்கியவன் தன் மேன்மையைத் தானே ரத்து செய்துகொள்ளும் விந்தையான ஏற்பாடு இது.

அதைவிடத் தீங்கானது மட்டையாளர்கள்மீது அது செலுத்தும் விளைவு. எந்தப் பந்து எப்படித் திரும்பும் என்று தெரியாத களத்தில் நிதானமாக நிற்பதற்கு மதிப்பில்லை. அடித்து எடுத்தது மிச்சம் என்ற மனநிலை பிறக்கிறது. மும்பையின் முதல் மாலை இதற்கு உதாரணம். ஒரு விக்கெட்டுக்கு 78. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள். ஜெய்ஸ்வால் தலைகீழ் ஸ்வீப் ஆட முயன்று ஆட்டமிழக்கிறார். இரவுக் காவலராக அனுப்பப்பட்ட சிராஜ் முதல் பந்திலேயே போகிறார். கோலி இல்லாத ஓர் ஓட்டத்துக்கு ஓடி ரன் அவுட். நான்கு விக்கெட்டுக்கு 84. மறுநாள், பெங்களூரில் 150 அடித்த சர்பராஸ் எட்டாம் இடத்தில் இறக்கப்பட்டு ஓட்டமின்றித் திரும்புகிறார். இதில் ஆடுகளத்தின் பங்கு எவ்வளவு?

மூத்தவர்களின் கணக்குக்கு வரலாம். ஆறு இன்னிங்ஸ்களில் ரோகித் 91 ஓட்டங்கள், கோலி 93. இந்த எண்களை வைத்து இருவரையும் கேலி செய்வது எளிது; சமூக ஊடகங்கள் அதைச் செய்து தீர்த்துவிட்டன. கேலியில் தப்பித்துக்கொண்டவர்கள் நிர்வாகிகள். தொடருக்கு ஆறு வாரம் முன்பு, 2024 செப்டம்பரில், துலீப் கோப்பை நடந்தது. அதன் முதல் சுற்று ஆட்டங்களுள் ஒன்று இதே சின்னசாமி மைதானத்தில். ரோகித், கோலி, அஸ்வின், பும்ரா அதில் ஆடவில்லை. பும்ரா போன்ற வேகப்பந்து வீச்சாளருக்கு ஓய்வு தருவது மருத்துவ நியாயம். மட்டையாளர்களுக்கு? கோலி கடைசியாக ரஞ்சிப் போட்டி ஆடியது 2012-இல், ரோகித் 2015-இல். அந்த இடைவெளியில் வளர்ந்த ஒரு தலைமுறை இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்களை அவர்கள் உள்நாட்டு முதல்தரக் களத்தில் சந்தித்தது மிக அரிது.

அதே ஆண்டு பிப்ரவரியில் வாரியம் தன் ஆண்டு ஒப்பந்தப் பட்டியலை வெளியிட்டபோது, தேசியக் கடமை இல்லாத நாள்களில் உள்நாட்டுக் கிரிக்கெட்டுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று வீரர்களுக்கு அறிவுரை சொன்னது. இஷான் கிஷனும் ஸ்ரேயாஸ் ஐயரும் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். ரஞ்சியைப் புறக்கணித்ததற்கான தண்டனை என்றே நாடு அதைப் புரிந்துகொண்டது. சாதாரண ஆய்வு மாணவருக்கு வருகைப்பதிவு கட்டாயம், புகழ்பெற்ற பேராசிரியருக்கு வகுப்பெடுப்பதே விருப்பப்பாடம் என்று நடக்கும் பல்கலைக்கழகங்களை அறிந்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

உள்நாட்டுக் கிரிக்கெட்டின் தரம் தாழ்ந்தது, அதில் ஆடி என்ன பயன் என்று கேட்கப்படுகிறது. துலீப்பில் ஆடிய ராகுலும் பெங்களூரில் பூஜ்யத்தில்தானே போனார்? உண்மை. இரானி கோப்பையில் 222 அடித்துவிட்டு வந்த சர்பராஸும் 150-க்குப் பிறகு புனேயிலும் மும்பையிலும் தடுமாறினார். முதல்தர ஆட்டம் வெற்றிக்கு உத்தரவாதச் சீட்டு அல்ல. பயிற்சிக்கூட வலைகளில் கிடைக்காத ஒன்றைத் தருவது. நாள் முழுக்கக் களத்தில் நின்று, தவறினால் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆடுவது. அதன் அருமையை எதிரணி அறிந்திருந்தது. பெங்களூரில் வேர்கள் கொண்ட குடும்பத்தின் மகன் ரச்சின் ரவீந்திரா, துணைக்கண்டப் பயணத்துக்கு முன் சென்னையில் சூப்பர் கிங்ஸ் பயிற்சிக்கூடத்துக்கு வந்து செம்மண் களத்திலும் கரிசல்மண் களத்திலும் மாறி மாறிப் பயின்றார். பிறகு பெங்களூரில் 134 அடித்தார். விருந்தாளி இந்த மண்ணைக் கற்க வந்தபோது வீட்டுக்காரர் ஓய்வில் இருந்தார். அந்த விருந்தாளிகளும் வெற்றிப் பெருமிதத்தோடு வந்தவர்கள் அல்லர்: சில வாரங்களுக்கு முன்புதான் இலங்கையில் 0-2 எனத் தோற்று, காலியில் 88 ஓட்டங்களுக்குச் சுருண்டு, வில்லியம்சன் காயத்தால் வராத நிலையில், புதிய தலைவர் லேத்தமோடு இந்தியாவுக்குள் நுழைந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மக்கள் மட்டுமே வாழும் நாடு அது.

சீர்திருத்தம் வந்தது என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் 1-3 எனத் தோற்ற பிறகு, 2025 ஜனவரியில் வாரியம் பத்து அம்ச விதிகளை அறிவித்து, உள்நாட்டுப் போட்டிகளில் ஆடுவதைக் கட்டாயமாக்கியது. ரோகித் மும்பைக்கும் கோலி டெல்லிக்கும் ஆளுக்கொரு ரஞ்சிப் போட்டி ஆடினர். அந்த மே மாதத்தில் இருவரும் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றனர். நோய்க்குக் காரணம் அவ்விருவரே என்றால் அத்துடன் அது தீர்ந்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. கொல்கத்தாவில் மீண்டும் திரும்பும் களம். 124 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா 93-இல் முடங்கியது. சைமன் ஹார்மர் போட்டியில் எட்டு விக்கெட்டுகள். தாங்கள் கேட்ட களம் இதுதான் என்று பயிற்சியாளர் கம்பீரே சொன்னார். குவாஹாட்டியில் களத்தின்மேல் பழிபோடவும் வழியில்லை: தென்னாப்பிரிக்கா 489 எடுத்த அதே களத்தில் இந்தியா 201-க்கும் 140-க்கும் வீழ்ந்து 408 ஓட்டங்களில் தோற்றது. ஓட்டக் கணக்கில் இந்தியாவின் மிகப்பெரிய டெஸ்ட் தோல்வி.

தங்கவயல்காரர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறைவெடிப்பு தொழிலாளர்களின் நிரந்தர அச்சம். வெடிப்பு நொடியில் நிகழும். அதற்கான அழுத்தமோ, எந்தப் பகுதியை எந்த வரிசையில் வெட்டினார்கள், எதைத் தாங்கலாக விட்டார்கள் என்பதைப் பொறுத்து நெடுங்காலம் சேர்ந்தது. அதனால்தான் சுரங்க விபத்தில் உயிர் போனால் இன்ன அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. அந்தச் சட்டம் எல்லாக் காலத்திலும் தொழிலாளர் பக்கம் நின்றது என்று தங்கவயலில் எவரும் சொல்லமாட்டார்கள். குறைந்தபட்சம் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்ற கடமையாவது இருந்தது. கிரிக்கெட்டில் எவருடைய உயிரும் போகவில்லை. ஒப்புமை அவ்வளவு தூரம் நீளாது. ஆனால் நியூசிலாந்துத் தொடருக்குப் பிறகு வாரியம் நடத்திய நீண்ட ஆய்வுக் கூட்டத்திலிருந்து பொதுமக்கள் படிக்க ஒரு பக்கம்கூட வெளியிடப்படவில்லை. 2018-இல் மத்தியத் தகவல் ஆணையம் வாரியத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதென்று அறிவித்தபோது, வாரியம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. நாட்டின் பெயரில் அணியை அனுப்பும் அமைப்பு, நாட்டின் கேள்விக்குத் தான் தனியார் என்று பதில் சொல்கிறது.

நுழைவுச்சீட்டுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு 46-ஐப் பார்க்க நேரும் ரசிகனுக்கும், மாநில அணியில் பத்தாண்டுகள் உழைத்தும் அழைப்பு வராத முப்பது வயது மட்டையாளனுக்கும் அந்தப் பதில் போதாது. வாரியம் இரண்டு தொடர்களைப் பற்றியும் எழுத்துமூலமான அறிக்கையை வெளியிட வேண்டும்: புனேக்கும் கொல்கத்தாவுக்கும் எத்தகைய ஆடுகளம் வேண்டுமென்று கேட்டவர் யார், அதை மறுத்துரைத்த களப் பராமரிப்பாளர் எவரேனும் இருந்தாரா, 2024 செப்டம்பரில் துலீப் ஆட்டத்திலிருந்து யாருக்கு, யார் கையொப்பத்தில், என்ன காரணம் காட்டி விலக்கு அளிக்கப்பட்டது என்ற விவரங்களுடன்.