ஆளில்லாத கடற்கரை

நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்துவிட்டது. கார் தயார். சென்னையில் கிளம்பி ஈ.சி.ஆரைப் பிடித்து, முடிந்தவரை கடலை ஒட்டியே கன்னியாகுமரி வரை போவதாகத் திட்டம். எந்தெந்த பீச்சில் இறங்கலாம் என்று செல்போனில் தேடுகிறீர்கள். உடனே ஒரு பட்டியல் வந்து விழுகிறது. ‘பார்த்தே தீர வேண்டிய பத்து கன்னிக் கடற்கரைகள்’, ‘யாருக்குமே தெரியாத ரகசிய பீச்’, ‘ஆளே இல்லாத சொர்க்கம்’.

ஆசையில் தப்பில்லை. மெரினாவின் பஜ்ஜிப் புகையிலிருந்து தப்பித்து, முரட்டு அலையும் பாறையும் வெறும் மணலுமாக ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும்தான் தோன்றும். தப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது இரண்டு பொய்களைச் சொல்கிறது. மூன்றாவது பொய்யை நாமே சொல்லிக்கொள்கிறோம்.

முதல் பொய், ‘ஆளே இல்லை’ என்பது. 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் தமிழகக் கடலோரத்தில் 500-க்கும் மேற்பட்ட மீனவ கிராமங்கள் இருக்கின்றன. சராசரி போட்டால் 2 கிலோமீட்டருக்கு ஓர் ஊர். அப்புறம் ஆளில்லாத கடற்கரை எங்கிருந்து வரும்? நீங்கள் போய் இறங்கும் நேரத்தில் அங்கே ஆள் இல்லையென்றால், அவர்கள் கடலுக்குள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அல்லது ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு வந்து தூங்குகிறார்கள்.

மணலில் ஏற்றி வைத்திருக்கும் படகு உங்கள் போட்டோவுக்கான அலங்காரம் அல்ல. கருவாடு காயும் மணல்தான் அவர்களுடைய களம். கரைவலை இழுக்கும் இடம்தான் அவர்களுடைய வயல். உங்கள் ஆபீசுக்குள் நான் அரை டிராயரோடு நுழைந்து, உங்கள் மேஜை மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு, காலி பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டுப் போனால் சும்மா இருப்பீர்களா? வலை இழுப்பவர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு இழுப்பதில்லை. மணலில் புதைந்த பாட்டில் துண்டு யார் காலைக் கிழிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது பொய், கடல் எங்கேயும் ஒரே கடல்தான் என்பது. தனுஷ்கோடிக்குப் போனால் சாலையின் இரு பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் பாக் நீரிணை, சாதுவாக இருக்கும். உள்ளூரில் அதைப் பெண் கடல் என்பார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். சாதுவை எல்லாம் பெண் கணக்கில் எழுதுவதில் எனக்குச் சண்டை உண்டு. அதை வேறொரு வாரம் வைத்துக்கொள்வோம். ஆனால், ஒரு சாலையைத் தாண்டினால் கடலின் குணமே மாறிவிடும் என்கிற அறிவு அந்தப் பெயரில் இருக்கிறது. பட்டியலில் அது கிடையாது.

அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் அது குறுகலான ஓடை மாதிரி சேர்ந்து, வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. அதனால் பார்க்க அமைதியாக இருக்கும். ‘இங்கேதான் அலை கம்மி’ என்று நம் ஆட்கள் குழந்தையை அங்கேதான் இறக்கிவிடுவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். கை ஓய்ந்துவிடும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

கள்ளக்கடல் என்று இன்னொன்று இருக்கிறது. கேரள மீனவர்களின் சொல் இது. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயலால் கிளம்பும் அலைகள், சில நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத ஒரு நாளில் திடீரென்று கரையேறும். வானம் பளிச்சென்று இருக்கும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே இப்படி ஒரு நாளில்தான் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது. போன பிள்ளைகளைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஓர் இடத்தை அழகு அழகு என்று ஊரெல்லாம் பரப்புகிறவர்கள், இன்றைக்கு அங்கே கடல் எப்படி என்பதைப் பரப்புவதில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

இப்படி ஒரு விபத்து நடந்தவுடன் படகை இறக்கித் தேடப் போகிறவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? அந்த ஊர் மீனவர்தான். எவரை நாம் ‘ஆளே இல்லை’ என்று எழுதினோமோ, அவர்தான் தன் அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு நம் வீட்டுப் பிள்ளையைத் தேடுகிறார்.

மூன்றாவது பொய் நம்முடையது. ‘இடம் சூப்பர் சார், கொஞ்சம் வசதி மட்டும் பண்ணிக் கொடுத்தா எங்கேயோ போயிடும்.’ நிஜமாகவே எங்கேயோ போய்விடும். சென்னைக்குப் பக்கத்து ஈ.சி.ஆரைப் பாருங்கள். பெயர் கிழக்குக் கடற்கரைச் சாலை. தெரிவதோ மதில் சுவர்களும் ரிசார்ட் கேட்டுகளும்தான். 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. 2019-ல் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கமான கிராமக் கடலோரங்களில் கட்டடம் கட்டக் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. ‘வசதி’ என்று நாம் கேட்டது இந்த வழியாகத்தான் வருகிறது. ராத்திரி விளக்குப் போட்டால் நமக்கு வசதி. பங்குனி ராத்திரியில் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வரும் ஆமைக்குஞ்சு, வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் கடல் என்று நம்பி, தார்ச்சாலைக்கு ஏறி வந்து செத்துப்போகும்.

‘டூரிஸ்ட் வந்தால் உள்ளூர்க்காரனுக்கு நாலு காசு கிடைக்குமே?’ என்பீர்கள். கிடைக்கும். மீன் வறுத்து விற்கும் அம்மாவிடம் தாராளமாக வாங்கிச் சாப்பிடுங்கள், பேரம் பேசாதீர்கள். ஆனால், அந்த அம்மாவின் கடையைத் தூக்கிவிட்டு அங்கே வரப்போகும் ரெஸ்டாரன்ட்டையும் ‘உள்ளூர் வருமானம்’ கணக்கில் எழுதாதீர்கள்.

அப்படியானால் எங்கேதான் போவது? தாராளமாகப் போங்கள், பிரித்துப் போங்கள். குளிக்க ஒரு கடல், பார்க்க ஒரு கடல். தண்ணீரில் ஆட வேண்டுமா, சென்னைக்கு அருகே கோவளம் இருக்கிறது. 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை. உயிர்காப்பு ஏற்பாடும் அந்தச் சான்றுக்கு ஒரு நிபந்தனை. முட்டத்தின் பாறைகள் மேலிருந்து பார்ப்பதற்கு. தனுஷ்கோடி, 1964 புயல் ஓர் ஊரை விழுங்கிய இடம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் அது பிக்னிக் ஸ்பாட் ஆகிவிடாது. கோடியக்கரைக்கு மழைக்காலம் முடிகிற சமயம் போய் வெளிமானும் பூநாரையும் பாருங்கள், நீச்சல் உடையைக் காரிலேயே வைத்துவிடுங்கள். பத்து இடம் வேண்டாம், மூன்று போதும்.

எந்த ஊரில் இறங்கினாலும், கேமராவை எடுப்பதற்கு முன்னால் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: ‘இன்னிக்குக் கடல் எப்படிண்ணே இருக்கு?’

‘இறங்காதீங்க’ என்று சொன்னால் இறங்காதீர்கள். அவர் சொல்வது அவருடைய வீட்டு வாசலைப் பற்றி.