கட்டுச்சோறு இல்லாத தவக்குல்



தொலைதூரப் பயணம் புறப்படுகின்றவரிடம், "வழியில் ஏதேனும் நேர்ந்தால் வீடு வந்து சேர்வதற்கு என்ன எடுத்துச் செல்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நம் வாணியம்பாடியில் மூன்று விடைகளுள் ஒன்று தவறாமல் கிடைக்கும். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பது முதலாவது. "எல்லாம் போனில் இருக்கிறது" என்பது இரண்டாவது. "புறப்படுகிற நேரத்தில் வாயால் இப்படிச் சொல்லாதீர்கள்" என்பது மூன்றாவது. முதல் விடை ஈமானைப் போலவும், இரண்டாவது அறிவைப் போலவும், மூன்றாவது அன்பைப் போலவும் தோற்றமளிக்கும். உண்மையில் மூன்றும் சோம்பலுக்குப் போர்த்திய மூன்று போர்வைகளே.

பயணப் பெட்டியைப் பற்றி நான் பேசவில்லை. பெட்டி தொலையலாம், வேறு விமானத்தில் ஏறி வேறு ஊருக்குப் போகலாம், ரயில் இருக்கையின் அடியில் விட்டுவிட்டு இறங்க நேரலாம். நான் சொல்வது உடலை விட்டுப் பிரியாத ஒரு சிறு தோள்பை. ரயில் நடுவழியில் நின்றாலும், விமானம் ரத்தானாலும், ஒருவரை இரண்டு மூன்று நாட்கள் பிறர் கையை எதிர்பாராமல் நிற்கச்செய்து, வீட்டு வாசலில் கொண்டு சேர்ப்பதற்கான பை.

நம் ஊரைப் போல் பயணம் செய்யும் ஊர்கள் குறைவு. தோல் வியாபாரிகள் கான்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் போகிறார்கள். மாணவர்கள் தேவ்பந்துக்கும் லக்னோவுக்கும் போகிறார்கள். இளைஞர்கள் வளைகுடாவுக்கும் முதியோர் உம்ராவுக்கும் போகிறார்கள். போகின்றவர்களின் பெட்டியில் மக்கன் பேடா உண்டு, ஊறுகாய் உண்டு, வீட்டிலேயே இடித்த மசாலா உண்டு. (அம்மசாலாவில் கசகசா கலந்திருந்தால் அமீரகத்திலும் சவூதியிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள் என்பதை எத்தனை தாய்மார்கள் அறிவார்கள்?) உறவினர் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பொட்டலங்கள் இருக்கும். புறப்படுகின்றவருக்கென்று மூன்று நாள் மாத்திரை இருக்காது.

முதலில் தவக்குல் பேசுவோருக்கு விடை சொல்லியாக வேண்டும். ஏனெனில் அவர்கள் மார்க்கத்தின் பெயரால் பேசுகிறார்கள்.

அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனத்தை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். பயணத்திற்கான உணவுகளுள் சிறந்தது இறையச்சமே என்னும் அதன் பின்பகுதியை நம் பேச்சாளர்கள் உருக்கமாக விளக்குவார்கள். பயண உணவை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் முன்பகுதியை ஒரே மூச்சில் கடந்துவிடுவார்கள். அவ்வசனம் யாருக்காக இறங்கியது? யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர், தாங்கள் தவக்குல் உடையவர்கள் என்று சொல்லிக்கொண்டு கையில் உணவின்றிப் புறப்பட்டு, மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்தினார்கள். அவர்கள் விஷயத்திலேயே அது அருளப்பட்டது என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் புகாரி பதிவுசெய்துள்ளார். தவக்குல் என்று அவர்கள் பெயரிட்டதன் மறுமுனையில் இருந்தது யாசகம். பையில்லாமல் கிளம்புபவரின் பாரம் காற்றில் கரைந்துபோவதில்லை. அது வேறொருவர் தோளில் ஏறுகிறது. அந்த வேறொருவர் பெரும்பாலும் நம்மைவிட ஏழையாக இருப்பார்.

ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். அல்லாஹ்வின் பாதுகாப்பு நபி (ஸல்) அவர்களுக்கு உறுதியாகவே இருந்தது. ஆயினும் வழிகாட்டி முன்கூட்டியே அமர்த்தப்பட்டார். ஒட்டகங்கள் முன்கூட்டியே தயார்செய்யப்பட்டன. ஸவ்ர் குகையில் தங்கிய மூன்று இரவுகளுக்கும் செய்தி கொண்டுவர ஒருவரும், பால் கொண்டுவர ஒருவரும் இருந்தனர். உணவுப் பையின் வாயைக் கட்டக் கயிறு அகப்படாதபோது அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். "தாதுந் நிதாகைன்" என்ற சிறப்புப் பெயர் அவர்களுக்கு வந்தது அதனால்தான். அவசரப் பயணத்திற்குப் பை கட்டிக்கொடுத்ததற்காகவே வரலாற்றில் பட்டம் பெற்ற ஒரு பெண்மணியை உடைய சமுதாயம் நாம். அச்சமுதாயத்தில் ஒருவர் பை கட்டுவது ஈமானின் பலவீனம் என்று பேசுவதைக் கேட்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அது நபிமார்களின் நிலை, ஞானிகளின் தவக்குல் வேறு" என்பாரும் உளர். அவர்களுக்கு இப்ராஹீம் அல்கவ்வாஸ் (ரஹ்) அவர்களை நினைவூட்டுகிறேன். தவக்குலில் உச்சம் தொட்டவர் என்று ஸூஃபிகளே போற்றும் அப்பெரியார் உணவு எடுத்துச் செல்லாமல் பாலைவனம் கடப்பவர். ஆயினும் ஊசி, நூல், கத்தரிக்கோல், தண்ணீர்ப் பாத்திரம், கயிறு ஆகியவை அவரை விட்டு ஒருபோதும் பிரிந்ததில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குல் பற்றிய பகுதியிலேயே இதை எடுத்துரைத்துக் காரணமும் கூறுகிறார்கள். பாலைவனக் கிணற்றில் நீர் ஆழத்தில் இருக்கும். அங்கே கயிறும் வாளியும் கிடைக்காது. துறவியின் ஒரே ஆடை கிழிந்தால் மானம் மறைக்க ஊசி வேண்டும். அதுவும் அங்கே கிடைக்காது. உணவாவது யாரேனும் தரக்கூடும்.

இந்த அளவுகோலைக் கவனியுங்கள். வழி எதைத் தருமோ அதைச் சுமக்க வேண்டியதில்லை. வழி எதைத் தராதோ அதைச் சுமந்தே ஆக வேண்டும். நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. எல்லா ரயில் நிலையத்திலும் கிடைக்கும் பிஸ்கட்டைப் பை நிறையத் திணிக்கிறோம். எந்த நிலையத்திலும் கிடைக்காத நம் மருந்துச் சீட்டை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம்.

இனி, "எல்லாம் போனில் இருக்கிறது" என்போர். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சிறிது தூரமே கடந்து ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அந்நாளில்தான் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிலைய அதிகாரி ஜாஃபர் அலி அவர்கள் வண்டியை மேலே செல்லவிடாமல் நிறுத்தினார். அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஏறத்தாழ 800 உயிர்கள் தப்பின. ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திற்கு மாற்றப்பட்டனர். மற்றவர்கள் சுற்றிலும் நீர் சூழ நிலையத்திலும் பெட்டிகளிலும் அடைபட்டுக் கிடந்து, 19ஆம் தேதிதான் மீட்கப்பட்டனர். அந்த இரவுகளில் மின்சாரமும் இல்லை, அலைவரிசையும் இல்லை. அணைந்துபோன செல்பேசி எவருடைய தொலைபேசி எண்ணையும் சொல்லாது. அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் தத்தளித்த வேளையில், இருந்த அரிசியைப் பொங்கிப் பயணிகளுக்குப் பரிமாறினார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. வழி உணவைத் தந்தது என்பதைக் கவனித்தீர்களா? ஆனால் இன்சுலினையும், இரத்த அழுத்த மாத்திரையையும், கைக்குழந்தையின் மாற்றுத்துணியையும், மாதவிலக்கில் இருக்கும் பெண்ணுக்குத் தேவையானதையும் அந்நல்ல மனிதர்கள் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

நம் வட்டாரத்திற்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டுகளும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தால் மூடப்பட்டு, நமக்கு அருகே அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. 2020 மார்ச்சில் ரயில்கள் நாடு முழுவதும் நின்றபோது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்திருந்த வடமாநில நோயாளிகளும் உடன் வந்தோரும் விடுதிகளில் சிக்கிக்கொண்டு, மே மாதம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் புறப்படும் வரை காத்திருந்தார்கள். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையில் துபாய் விமான நிலையமே தண்ணீரில் நின்றது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. எப்போதோ ஒருமுறை நடப்பவை என்று இவற்றை ஒதுக்குபவர், தாம் எத்தனை முறை பயணம் செய்கிறார் என்பதையும் சேர்த்தே எண்ணட்டும்.

மூன்றாவது கூட்டத்தாருக்கு நீண்ட விடை தேவையில்லை. துன்பத்தைப் பற்றிப் பேசினால் துன்பம் வரும் என்பது சகுனம் பார்ப்பது. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் இணைவைத்தல் என்றே எச்சரித்திருக்கிறார்கள். பயணிக்குச் சுருக்கித் தொழும் சலுகையையும், நீர் கிடைக்காதபோது தயம்மும் செய்யும் சலுகையையும், வழிப்போக்கருக்கு ஸகாத்தில் ஒரு பங்கையும் வைத்த ஷரீஅத், வழியில் இடர் நேரும் என்று எதிர்பார்த்தே இவற்றை வைத்தது. ஷரீஅத் வெளிப்படையாகப் பேசுவதை நாம் பேசக் கூசுகிறோம்.

ஒன்றைச் சொல்ல எனக்கும் மனம் கனக்கிறது. ஆயினும் சொல்லாமல் இருப்பது நேர்மையன்று. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நம் ஊர்ப்பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வருவோர் பலருக்கு அதுவே வழித்தடம். முன்பதிவில்லாப் பெட்டியில் வந்தோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான்கு மாதம் காத்திருந்தும் எவரென்று அறிய முடியாத 28 உடல்கள் அவ்வாண்டு அக்டோபரில் புவனேஸ்வரத்தில் தகனம் செய்யப்பட்டன. உரிய மரியாதையோடுதான் அது நடந்தது. எவரையும் குறைகூற இடமில்லை. ஆனால் அந்த 28 பேருள் கஃபனுக்கும் ஜனாஸா தொழுகைக்கும் உரியவர் இருந்தாரா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். பெயர், தந்தை பெயர், ஊர், மஹல்லா, வீட்டார் இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைக் கையால் எழுதி, நீர் புகாதபடி பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு துண்டுத் தாள், பையில் ஒன்றும் சட்டைப்பையில் ஒன்றுமாக. அதன் விலை 10 ரூபாய்கூட ஆகாது. ஹஜ் குழுவின் வழியாகச் செல்வோருக்கு அடையாளம் பொறித்த எஃகு வளையம் தரப்படுகிறதே, அது அழகுக்காகத் தரப்படுவதன்று. கான்பூருக்குப் போகிறவருக்கு அதைத் தர எவரும் இல்லை; தாமே செய்துகொள்ள வேண்டும்.

வெளிநாடு செல்வோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரகம் ஒருமுறை மட்டும் நாடு திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் வழங்கும். பழைய பாஸ்போர்ட்டின் நகலும் புகைப்படங்களும் கையில் இருப்பவருக்கு அவ்வேலை எளிது. இல்லாதவர் தாம் இன்னார் என்று நிறுவுவதற்கே அலைவார். வேலை கொடுப்பவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களில் அந்த நகல் ஒன்றே உங்கள் பெயர்.

பணத்தைப் பொறுத்தவரை குகைவாசிகளே நமக்கு முன்மாதிரி. அநீதியிலிருந்து ஈமானைக் காக்க ஓடியவர்களும் வெள்ளிக் காசை மறக்கவில்லை. அதைக் கொடுத்தே ஒருவரை உணவு வாங்க அனுப்பினார்கள் என்று அல்கஹ்ஃப் அத்தியாயம் கூறுகிறது. (அவர்கள் விழித்தெழுந்தபோது அக்காசு செல்லாததாகிவிட்டது என்று விரிவுரையாளர்கள் கூறுவர். நம் வீடுகளிலும் பயணத்திற்கென்று ஒளித்துவைத்த பழைய நோட்டுகள் உண்டு, எடுத்துப் பாருங்கள்.) 100, 50 ரூபாய் நோட்டுகளாக, இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். மின்சாரமற்ற ஊரில் கியூஆர் அட்டை வெறும் அட்டையே.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒரு வாரத்திற்கான மருந்து, அதன் பொதுப்பெயர் எழுதிய சீட்டு, மாற்று மூக்குக்கண்ணாடி, சிறு டார்ச், பவர் பேங்க் (விமானத்தில் இதைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம்), ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, பேரீச்சை, வறுகடலை, தண்ணீர்க் குப்பி. ஒரு லுங்கி. அது போர்வை, துண்டு, திரை, தொழுகை விரிப்பு அனைத்தும் ஆகும்; நம் மக்களின் கண்டுபிடிப்புகளுள் அதற்கு இணையில்லை. இணையத்தில் பார்த்துக் கத்தியும் கோடரியும் அடுக்கும் தம்பிமார் அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லட்டும். அவை விமான நிலையத்திலேயே பறிபோகும். நம் பெயருடையவர் பையில் அவை இருந்தால் வேறு கேள்விகளும் எழும்.

இறுதியாக, குடும்பத் தலைவர்களிடம் ஒரு வழக்கு எனக்கு உண்டு. கணவன், மனைவி, தாயார் என மூவரும் பயணம் செய்வார்கள். மூவரின் பாஸ்போர்ட்டும், பணமும், விடுதி முகவரியும் ஆணின் ஒரே பையில் இருக்கும். பெண்களின் கையில் தஸ்பீஹ் மட்டும் இருக்கும். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர். கூட்டத்தில் அவர் ஒருபுறமும் இவர்கள் ஒருபுறமும் பிரிந்துபோனால், மொழி தெரியாத ஊரில், எண் எதுவும் நினைவில்லாத ஒரு முதிய தாய் எந்த வாசலில் போய் நிற்பார்? அஸ்மா (ரலி) அவர்களுக்குப் பை கட்டத் தெரிந்திருந்தது. பை எங்கே போகிறது என்பதும் தெரிந்திருந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு ஆளுக்கொரு பையும், அவரவர் பாஸ்போர்ட் நகலும், அவரவர் கையில் செலவுக்குப் பணமும் கொடுப்பதில் எந்த மஹ்ரமின் பொறுப்பும் குறைந்துவிடாது.

உம்ரா சேவை நடத்தும் சகோதரர்களே, நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு ஒரு தோள்பையை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறீர்கள். வழியனுப்பு விழாவில் அது வெறுமையாகவே கைமாறுகிறது. அடுத்த குழுவினருக்கு அதனுள் பெயர்த்தாளையும், நகல் வைக்கும் உறையையும், விடுதியின் முகவரியை அரபியிலும் தமிழிலும் உருதுவிலும் எழுதிய அட்டையையும் வைத்துக் கொடுங்கள். துஆ ஓதி முடிந்ததும், புகைப்படம் எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொருவரும் அந்தப் பையைத் திறந்து காட்டட்டும்.