குத்தாத மூக்குக்கு மூக்குத்தி

பெண் குழந்தையின் காது அழகாக இருக்கிறது, அதைக் குத்திக் கெடுப்பானேன் என்று தோடு போடாமலே வைத்திருக்கும் தகப்பனார் உண்டோ? என் தங்கையின் கணவர் ஏறக்குறைய அப்படிப்பட்டவர். குழந்தை விஷயத்தில் அல்ல, கார் விஷயத்தில்!

தங்கை இப்போது இருப்பது கலிபோர்னியாவில். அதற்கு முன் இரண்டு வருஷம் அரிஸோனாவில் குடித்தனம். அங்கேதான் அந்தக் காரை வாங்கினார்கள். கருநீல வர்ணம். முன் பம்பர் வழவழவென்று, ஒரு கீறல், ஒரு தழும்பு இல்லாமல் பளபளக்கும். அரிஸோனாவில் காருக்குப் பின்னால் மட்டும் நம்பர் பிளேட் இருந்தால் போதும். ஆகவே அந்தப் பம்பரில் எவரும் துளை போட்டதில்லை.

கலிபோர்னியாவில் கதை வேறு. குடியேறிய இருபது நாளைக்குள் காரை அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்தார்கள். தபாலில் இரண்டு பிளேட் வந்தன. ஒன்று பின்னால் ஏறியது. மற்றொன்று கார் கொட்டகையில் பழைய பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. "அந்த மூக்கிலே போய் ஓட்டை போடச் சொல்கிறாயா?" என்பாராம் இவர். "ஸ்டீவ் ஜாப்ஸே நம்பர் பிளேட் இல்லாமல்தானே கார் ஓட்டினார்?" என்று சாட்சிக்கும் ஆள் வைத்திருந்தார்.

வாஸ்தவந்தான். ஆனால் அந்தக் காலத்தில் கலிபோர்னியாவில் புதுக் காருக்கு ஆறு மாத காலம் அவகாசம் இருந்தது. 2019 ஜனவரி முதல் புதுக் காருக்குக்கூடத் தற்காலிகக் காகிதப் பிளேட் மாட்டித்தான் கடையை விட்டு வெளியே அனுப்புகிறார்கள். சாட்சி காலாவதியாகிவிட்டதை மாப்பிள்ளை கவனிக்கவில்லை!

நாலு மாதம் போயிற்று. ஒரு நாள் மாலை, குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு என் தங்கை திரும்பும்போது, பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன. அந்நிய தேசம், விசாவில் இருப்பவள், பின் ஸீட்டில் குழந்தை "அம்மா, போலீஸ்!" என்று அழ ஆரம்பித்துவிட்டது. போலீஸ்காரர் மரியாதையாகவே பேசினாராம். முன் பிளேட் இல்லை என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு வீடியோவில் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, பிடிவாதம் அவருடையது. சீட்டு மட்டும் என் பெயரில்!" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பத்திரிகையில் வேலை பார்ப்பவளுக்கு வேறு என்ன தெரியும்? விசாரிக்க உட்கார்ந்தேன். விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நேயர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அந்தப் பக்கம் இருக்கக்கூடும்.

முதலில், சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. குறையைச் சரிசெய்துவிட்டு, ஒரு போலீஸ் அதிகாரியிடம் காட்டிச் சீட்டில் கையெழுத்து வாங்கி, 25 டாலர் கட்டணத்தோடு கோர்ட்டில் சேர்ப்பித்தால் விஷயம் முடிந்தது. சரிசெய்யாமல் சும்மா இருந்தால்தான் அபராதம் வளரும்.

அடுத்தது, இந்த ஒற்றைப் பிளேட், இரட்டைப் பிளேட் சமாசாரம். காருக்கு நம்பர் கட்டும் வழக்கத்தை 1893-ல் பாரிஸ் நகரப் போலீஸார் ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் ராஜ்யமே பிளேட் அச்சடித்துக் கொடுத்தது முதலில் மாஸசூஸெட்ஸில், 1903-ல். அங்கே ராஜ்யத்துக்கு ராஜ்யம் சட்டம் வேறு. புளோரிடா, பென்சில்வேனியா, மிச்சிகன், ஜார்ஜியா இவற்றில் பின்னால் ஒன்று போதும். கலிபோர்னியா, டெக்ஸாஸ், நியூயார்க், நியூ ஜெர்ஸியில் முன்னும் பின்னும் வேண்டும். ஒஹையோ 2020 ஜூலையிலும், யூட்டா 2025 ஜனவரியிலும் முன் பிளேட்டை விட்டுவிட்டன. ஆகவே வேலை மாற்றத்தில் ஊர் மாறுகிறவர்கள், மளிகைக் கடை எங்கே என்று விசாரிக்கும்போதே இதையும் விசாரித்து வைப்பது நல்லது.

இனி, துளை போடாமல் மாட்டும் வித்தை.

இந்தக் காலத்துப் பம்பர் நம் தாத்தா காலத்து இரும்புப் பட்டை அல்ல. பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் தோல். உள்ளே நுரை மெத்தை, அதற்கும் உள்ளே உலோகத் தண்டு. ஆழம் தெரியாமல் துளைத்தால் ஸென்ஸார் கம்பியிலோ வேறெதிலோ போய் முட்டலாம். போட்ட துளை அடைபடாது. விற்கும்போது விலையும் குறையும். மாப்பிள்ளையின் கவலை முழுக்க அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

சுலபமான வழி, டேப் வைத்து ஒட்டுவது. இரு பக்கமும் ஒட்டும் கனத்த டேப் கிடைக்கிறது. ஸ்பிரிட் போட்டு இடத்தைத் துடைத்து, குளிரில்லாத நாளாகப் பார்த்து ஒட்டி, மூன்று நாள் தண்ணீர் படாமல் விட வேண்டும். அப்போதுதான் பிடிப்பு முழுசாக ஏறும். எடுக்க வேண்டுமானால் தலை உலர்த்தும் யந்திரத்தால் சூடு காட்டி, பல் இடுக்கில் விடும் நூலை உள்ளே கொடுத்து அறுத்தால் வந்துவிடும். ஆனால் பிளேட் தட்டை, பம்பரோ வளைவு. முழுசாகப் பதியாத இடத்தில் ஒட்டினால், கார் கழுவும் யந்திரத்தின் பிரஷ் ஒரு நாள் அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது, முன்புறக் கம்பி வலையில், அதாவது கிரில்லில், கவ்விப் பிடிக்கும் சட்டம். நல்லதுதான். ஆனால் என்ஜினைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. பல கார்களில் எதிரே வருவதைப் பார்க்கும் ரேடாரும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதன் முகத்தை மறைத்தால் கார் குருடாகிவிடும்.

மூன்றாவதுதான் என் தங்கைக்கு ஒத்துவந்தது. முன் பம்பரின் ஒரு ஓரத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே மரை வெட்டிய துளை. கார் வழியில் நின்றுபோனால் கட்டி இழுப்பதற்குக் கொக்கி திருகும் இடம் அது. அதாவது கார்க்காரனே குத்தி வைத்த மூக்கு! அந்த மரையில் ஒரு தண்டைத் திருகி, அதன் நுனியில் பிளேட்டைப் பொருத்தலாம். இதற்கென்றே சட்டம் விற்கிறார்கள்.

வாங்கும்போது ஜாக்கிரதை வேண்டும். மரையின் அளவு காருக்குக் கார் மாறும். சில ஐரோப்பியக் கார்களில் எதிர்த்திசையில் திருக வேண்டும். காரின் பெயர், மாடல், வருஷம் மூன்றையும் சொல்லி வாங்க வேண்டும். மூடியைக் கழற்ற, துணி சுற்றிய திருப்புளி போதும். தண்டை முதலில் கையாலேயே திருகிப் பார்க்க வேண்டும். சிக்கினால் பலவந்தம் கூடாது. கையால் சரியாக ஏறிய பிறகே ஸ்பானர். பிளேட் ஆடக்கூடாது, விளக்கையும் ஸென்ஸாரையும் மறைக்கக்கூடாது. ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறுக்கு. கழற்றிய மூடியையும், இழுக்கும் கொக்கியையும் காரிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளேட் நடுவில் இல்லாமல் ஓரமாக நிற்குமே என்பீர்கள். கலிபோர்னியாச் சட்டம் கேட்பது, ஆடாமல் அசையாமல், தெளிவாகப் படிக்கும்படி, தரையிலிருந்து 60 அங்குலத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பதே. கண்ணாடிக்குப் பின்னால் சும்மா சாத்தி வைப்பது மட்டும் உதவாது. 

நம் ஊர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே இந்த வித்தை எதுவும் வேண்டாம். நம் நாட்டில் முன்னும் பின்னும் பிளேட் கட்டாயம். கார்களும் அதற்கு இடம் விட்டே வருகின்றன. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு அசோகச் சக்கர முத்திரை பதித்த பாதுகாப்புப் பிளேட். அதைக் கண்ட இடத்தில் கழற்றி மாட்டப் பார்க்காதீர்கள்.

சரி, கதைக்கு வருவோம். சட்டம் தபாலில் வந்தது. சனிக்கிழமை காலை, கணவர் எழுந்திருக்குமுன் தங்கை கொட்டகைக்குப் போனாள். வீடியோவில் நான் இங்கிருந்து வேடிக்கை பார்த்தேன். முழுசாக இருபது நிமிஷம். முடித்துவிட்டுக் கையைத் துடைக்கும்போது மாப்பிள்ளை காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"கொஞ்சம் சாய்ந்திருக்கிறதோ?" என்றார்.

தங்கை பதில் பேசாமல் ஸ்பானரை அவர் கையில் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து நேராக்கினார். எழுந்திருக்காமலே, "அந்தச் சீட்டு என் பெயரில் வந்திருக்க வேண்டியது. கையெழுத்து வாங்க நான் போகிறேன்" என்றார் மெதுவாக. நான் சட்டென்று டெலிபோனை அணைத்துவிட்டேன். அதற்குமேல் அக்காளுக்கு அங்கே என்ன வேலை?

சாயந்திரம் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"வலது பக்கமாகத்தானே மாட்டியிருக்கிறாள்? சரிதான். மூக்குத்தி நம் வீட்டு வழக்கப்படி வலது மூக்கில்தான் போடணும்!" என்றாள்.