மலிவாக்கியது யார்?

எந்த நாட்டில் எது ஏராளமோ, அதை அதிகம் பயன்படுத்தும் சரக்கையே அந்நாடு ஏற்றுமதி செய்யும் என்றார் ஸ்வீடன் பொருளாதார அறிஞர் பெர்ட்டில் ஓலின். ஆசிரியர் ஹெக்ஷரின் வழியில் 1933இல் எழுதியது. 1977இல் நோபல் கிடைத்தது. நம்மிடம் ஏராளம் 'மலிவான உழைப்பு' என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். மலிவாக்கியது யார்?

புதுக்கோட்டை ஆதனக்கோட்டையில் சாலையோரம் முந்திரி வறுத்து உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்தவை. கடல் கடக்கும் முந்திரியையும் பெரும்பாலும் பெண்களே உடைக்கிறார்கள். விடியுமுன் அவள் வடித்த சோற்றுக்கும் சுமந்த தண்ணீருக்கும் கூலி இல்லை. வீட்டில் இலவசம் என்பதால்தான் வெளியிலும் குறைத்துக் கொடுக்க முடிகிறது. ஓலினின் கோட்பாடோ அந்த உழைப்பை மண், மழை வரிசையில் வைத்துவிடுகிறது. தேர்வில் அப்படியே எழுதினால் முழு மதிப்பெண்ணும் உண்டு.