தீ அணையவில்லை, காப்போர் குறைகின்றனர்

ஒரு சமயம் எப்போது இறக்கிறது? அதன் மறைநூல் அழியும்போதா? வழிபாட்டிடம் இடியும்போதா? இரண்டும் அல்ல. அதை அன்றாடம் கைக்கொண்டு ஒழுகுவோர் அற்றுப்போகும்போதே இறக்கிறது. மரக்காணத்து உப்பளங்களை அறிந்தோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். கடல் என்றும் அருகில் உண்டு, வெயிலுக்கும் குறைவில்லை. ஆயினும் மழைக்காலம் கழிந்தபின் வண்டலை நீக்கி, பாத்தியை மிதித்துப் பதப்படுத்தி, நீர் பாய்ச்சும் கைகள் இல்லையெனில் ஒரு படி உப்பும் விளையாது. ஜரதுஷ்டிர சமயத்தின் இன்றைய நிலையும் இத்தகையதே.

அஹுரா மஸ்தாவைப் பேரிறைவனாகப் போற்றி, நற்சிந்தனை, நற்சொல், நற்செயல் என்னும் மூன்றையும் வாழ்வின் அடித்தளமாக வகுத்த பழஞ்சமயம் இது. சாசானியப் பேரரசின் அரச சமயமாகவும் திகழ்ந்தது. இது நமக்கு முற்றும் அயலானதன்று. திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 'மஜூசி'களைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. நபித்தோழர் சல்மான் பார்ஸி அவர்கள் இச்சமயக் குடும்பத்தில் பிறந்தவர். கி.பி. 849ஐச் சார்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபு எழுத்திலும் பஹ்லவி எழுத்திலும் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். பஹ்லவியில் ஒப்பமிட்டோருள் ஜரதுஷ்டிரரும் இருந்தனர் என்பர் அறிஞர். முஸ்லிம் வணிகரும் ஜரதுஷ்டிர வணிகரும் ஒரே ஏட்டில் இணைந்து நின்ற காட்சி அது.

651இல் மூன்றாம் யஸ்தகர்து மாண்டதோடு அரசு வீழ்ந்தது. சமயம் உடனே வீழ்ந்துவிடவில்லை. நூற்றாண்டுகள் போக்கில் பலர் சமயம் மாறினர். சிலர் குஜராத்தின் சஞ்சான் கரையை அடைந்து பார்சிகள் எனப் பெயர் பெற்றனர். ஈரானில் எஞ்சியோர் முஸ்லிம் அரசர் பலர் காலத்தில் வரிச்சுமைக்கும் இழிவுக்கும் ஆளாயினர். இதை மறைத்தல் நமக்கு அறமன்று. இந்தியப் பார்சிகள் அனுப்பிய மானக்ஜி லிம்ஜி ஹத்தாரியாவின் நெடுமுயற்சியாலேயே அத்தலைவரி 1882இல் நீங்கியது.

ஆனால் இந்தியாவில் அவர்களை ஒடுக்கியவர் எவர்? ஒருவருமில்லை. தாதாபாய் நவரோஜியையும் ஜாம்ஷெட்ஜி டாட்டாவையும் ஈந்த சமுதாயம் அது. சென்னைக்கு மேரி கிளப்வாலா ஜாதவ் ஆற்றிய தொண்டை யார் மறப்பர்? இருந்தும் 1941 கணக்கெடுப்பில் 1,14,890 ஆக இருந்த பார்சிகள் 2011இல் 57,264 ஆகச் சுருங்கினர். 2013இல் மத்திய அரசு 'ஜியோ பார்சி' என்னும் திட்டத்தையே தொடங்க நேர்ந்தது. வாள் செய்யாததைக் காலம் தாழ்ந்த திருமணமும், குறைந்த மகப்பேறும், அடைத்த கதவும் செய்துவருகின்றன.

அடைத்த கதவு என்பது மிகையன்று. 1908இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒட்டி, பார்சித் தந்தைக்குப் பிறந்த பிள்ளை பார்சியாக ஏற்கப்படுகிறது. வேற்றினத்தாரை மணந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைக்குப் பெரும்பாலும் அவ்வுரிமை இல்லை. குருமார் பணியும் தந்தைவழிக் குலத்துக்கே உரியது. அக்குலத்து இளைஞர் பலர் வேறு தொழில் நாடுகின்றனர். 'கலந்தால் கரைந்துபோவோம்' என்று பெரியோர் அஞ்சுவது பொருளற்றதன்று. அகதியாய் வந்த சிறு கூட்டத்தை ஆயிரம் ஆண்டுகள் காத்த மதில் அது. ஆனால், உள்ளே வர விழையும் சொந்த மகளின் பிள்ளையை வெளியே நிறுத்தும் மதில் காவலன்று; சிறை. வட அமெரிக்காவில் சில சங்கத்தார் இக்கதவைத் திறந்துள்ளனர். முடிவு அவர்களுடையதே. எனினும், குருதியைக் காத்து நெறியை இழப்பது இலாபமாகாது என்பதே நம் கருத்து.

மரக்காணத்திலிருந்து வடக்கே செல்லும் கடற்கரைச் சாலை சென்னையை அடைகிறது. அங்கே இராயபுரத்தில், மறைந்த தம் மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா எழுப்பிய தீக்கோயில் 1910 முதல் உள்ளது. தமிழகத்தில் இச்சமயத்தாருக்கு உள்ள ஒரே கோயில் அது. பிற சமயத்தார் உள்ளே நுழைய இயலாது, அதை மதிப்போம். ஆனால் அவர்தம் வரலாற்றைக் கற்க எத்தடையும் இல்லை.

மாணவ நண்பர்களே! பெருந்தொகையினர் என்னும் எண்ணம் எந்தச் சமயத்துக்கும் காப்பன்று. ஒரு பேரரசின் சமயமே இவ்வாறு சுருங்கியதெனில், பிறப்பால் மட்டும் வருவதை நம்பி எவரும் உறங்கலாகாது. பொருளுணர்ந்து ஓதுவதும், ஓதியவாறு ஒழுகுவதும், அதை மகனுக்கும் மகளுக்கும் ஒப்பக் கையளிப்பதுமே ஒரு நெறியை வாழவைக்கும்.